வீழ்ந்தவனை நோக்கி ஓடியவர்கள்

பாடசாலையொன்றிலே நடைபெற்ற பேச்சுப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். கொடுக்கப்பட்ட பொருள் ‘வீரம்’ என்பது. பதினான்கு மாணவர் பேசினர். சொல்லிலே குறையில்லை; குரலிலே குறையில்லை. ஆனால் பதினான்கு பேரும் ஒரே வீரனைப் பற்றியே பேசினார்கள். அவன் பெயர் மாறியது, நாடு மாறியது, காலம் மாறியது. செயல் மாத்திரம் மாறவில்லை. அவன் முன்னே சென்றான்; பகைவரை வீழ்த்தினான்; வாகை சூடி மீண்டான், அல்லது மார்பிலே புண்பட்டு மாண்டான். பரிசுக்குரியவரைத் தெரிந்துவிட்டு வீடு திரும்பும்போது ஒரு நினைவு என்னை உறுத்திக்கொண்டே வந்தது. வீழ்ந்து கிடந்த தோழனைத் தூக்கி வருவதற்காகத் திரும்பிப் போனவனைப் பற்றி ஒரு மாணவனாவது பேசவில்லையே!

குறையை மாணவர்மீது சுமத்துவதற்கில்லை. நாம் கற்பித்ததையே அவர்கள் ஒப்புவித்தார்கள். வெல்லப் போனவனைப் பாடமாக்கினோம். மீட்கப் போனவனை அடிக்குறிப்பிலே தள்ளிவிட்டோம். அந்த அடிக்குறிப்பிலே கிடக்கும் ஒரு நிகழ்ச்சியை இன்று வாசகர்முன் வைக்க விரும்புகிறேன். 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 6 ஆந் திகதியுடன் அதற்கு நாற்பது ஆண்டு நிறைந்தது. நடந்த இடம் இலண்டன். அடிபட்டு வீழ்ந்தவர் ஒரு பொலிஸ்காரர். அவரை மீட்கத் திரும்பி ஓடியவர்களும் பொலிஸ்காரர்களே. ஆனால் அது வெறும் வீரக்கதை அன்று. அந்த வீரத்துக்கு முன்னே ஓர் அநீதி இருந்தது. பின்னேயும் ஓர் அநீதி வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவிலே நிற்கும் வீரத்தை எப்படி மதிப்பது என்பதே என் வினா.

அந்தக் குடியிருப்பு

இலண்டனின் வடபாகத்திலே டொட்டன்ஹாம் என்றொரு பகுதி உண்டு. அங்கே 1967 ஆம் ஆண்டிலே பெருங் குடியிருப்பொன்றைக் கட்டத் தொடங்கினார்கள். பன்னிரண்டு தொடர்மாடிக் கட்டடங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். புரோட்வோட்டர் பார்ம் என்பது அதன் பெயர். அந்நிலத்தின் வழியே மொசெல் என்னும் சிற்றாறு ஓடுவதால் வெள்ளப் பயம் இருந்தது. ஆகவே நில மட்டத்திலே வீடு அமைக்காமல், தூண்களின்மேலே கட்டடங்களை நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அந்தரத்திலே நடைபாதைகளை இட்டார்கள். கீழே வாகனம், மேலே மனிதர் என்பது திட்டம் வரைந்தோர் கண்ட கனவு. காகிதத்திலே அது அழகாகத்தான் இருந்தது. குடிபுகுந்தவர்களுக்கோ இருண்ட வாகனத் தரிப்பிடங்களும், ஒடுங்கிய படிக்கட்டுகளும், நீர் கசியும் சுவர்களும் வாய்த்தன. வேறிடத்திலே வீடு பெறக்கூடியவர்கள் அங்கே வர மறுத்தனர். மறுக்க வகையற்றவர்கள் வந்தனர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து உழைக்க வந்த குடும்பங்களும் அவர்தம் பிள்ளைகளும் அவர்களுட் பலர்.

அங்கே நம்பிக்கை முற்றாகப் பட்டுப்போய்விட்டதென்று சொல்ல முடியாது. 1981 இல் டொலி கிஃபின் என்னும் பெண்மணி அக்குடியிருப்பிலே ஓர் இளைஞர் சங்கத்தை ஆரம்பித்து, வேலையற்றிருந்த பிள்ளைகளை ஒன்றுசேர்த்தார். ஆனால் பொலிசாருக்கும் கறுப்பின இளைஞருக்கும் இடையிலே இருந்த பகை தணியவில்லை. தெருவிலே மறித்துச் சோதிப்பதும், சோதிக்கப்பட்டவன் மனம் வெதும்புவதும் நாளாந்த நிகழ்ச்சிகளாயின. சீருடையைக் கண்டால் காவல் என்று எண்ணாமல் ஆபத்து என்று எண்ணும் ஒரு தலைமுறை வளர்ந்துகொண்டிருந்தது. இதனை நம் நாட்டு வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1985 செப்ரெம்பர் 28 ஆந் திகதி, தென் இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியிலே, மகனைத் தேடி வீட்டுக்குள் நுழைந்த பொலிசார் சுட்டதில் செரி குரோஸ் என்னும் தாய் காயமுற்று, நடக்கும் ஆற்றலை இழந்தார். அங்கே கலகம் மூண்டது. ஒரு வாரம் கழிந்தது. ஒக்டோபர் 5 ஆந் திகதி டொட்டன்ஹாமிலே ஓர் இளைஞர் தமது வாகனத்தின் வரிச் சீட்டுப் பற்றிய ஐயத்தின்பேரில் மறிக்கப்பட்டுக் கைதானார். அவருடைய தாயார் சிந்தியா ஜரெட்டின் வீட்டைச் சோதிக்கப் பொலிசார் சென்றனர். சோதனை நடந்துகொண்டிருக்கையிலே 49 வயதான அந்த அம்மையார் வீழ்ந்தார். இருதயம் நின்று இறந்தார். பொலிஸ்காரர் ஒருவர் தள்ளியதாலேயே அவர் வீழ்ந்தார் என்றார் மகள். தள்ளவில்லை என்றனர் பொலிசார். அவர்கள் தேடிச் சென்ற களவுப்பொருள் எதுவும் அவ்வீட்டில் இருக்கவில்லை. அம்மரணத்துக்காக எவர்மீதும் வழக்குத் தொடரப்படவுமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொலிஸ் நிலையத்தின் வாயிலிலே மக்கள் கூடி நின்று நியாயம் கேட்டார்கள். மாலையானதும் புரோட்வோட்டர் பார்ம் பற்றியெரியத் தொடங்கிற்று.

அன்றிரவு

கற்களும் பெற்றோல் குண்டுகளும் பறந்தன. துப்பாக்கிச் சூடும் கேட்டது. இரவு பத்து மணியை அணுகும் வேளையிலே, டாங்மியர் எனப்படும் கட்டடத்தின் மேல் தளத்திலிருந்த கடையொன்றிலே தீ மூண்டது. அதன்மேலே குடும்பங்கள் வாழும் வீடுகள் இருந்தன. தீயை அணைக்கப் போன தீயணைப்புப் படையினரையும் கூட்டம் தாக்கியது. அவர்களுக்குக் காவலாக ஒரு பொலிஸ் அணி அனுப்பப்பட்டது. பொலிஸ் கணக்கிலே அதற்கு 502 ஆம் அணி என்று பெயர். சார்ஜண்ட் ஒருவரும் கொன்ஸ்டபிள்மார் பதினொருவரும் அதிலே இருந்தனர். சார்ஜண்டின் பெயர் டேவிட் பென்கெலி. கேடயமும் தலைக்கவசமும் குறுந்தடியுமே அவர்களின் கருவிகள். துப்பாக்கி எவரிடமும் இல்லை.

அந்தப் பதினொருவருள் ஒருவர் கீத் பிளேக்லொக். வயது 40. மூன்று பிள்ளைகளின் தந்தை. கலகம் அடக்குவது அவருடைய நாளாந்தத் தொழிலன்று. மஸ்வெல் ஹில் என்னும் பகுதியிலே கால்நடையாகச் சுற்றி வந்து, கடைக்காரரையும் முதியோரையும் பெயர் சொல்லி விசாரிக்கும் ஊர்க்காவற் கடமையே அவருடையது.

மேல் தளத்திலே கூட்டம் அவர்களை நெருக்கிற்று. தீயணைப்பவர்களை முன்னே இறங்கவிட்டு, பொலிசார் கேடயங்களைப் பிடித்தபடி, ஒடுங்கிய படிக்கட்டிலே பின்னடி வைத்து இறங்கினர். கீழேயும் கூட்டம் காத்திருந்தது. முகத்தை மறைத்தவர்கள், கைகளிலே கத்தியும் கட்டையும். இனி ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓடினார்கள். ஓட்டத்திலே பிளேக்லொக் இடறி வீழ்ந்தார். வீழ்ந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவருடைய உடலிலே நாற்பதுக்கு மேற்பட்ட காயங்கள் பின்னர் எண்ணப்பட்டன. அதற்குமேல் நான் விவரிக்கப் போவதில்லை. கூம்ஸ் என்னும் மற்றொரு கொன்ஸ்டபிளும் முகம் வெட்டுண்டு, தாடை முறிந்து வீழ்ந்தார்.

முன்னே ஓடிக்கொண்டிருந்தவர்கள் இதைக் கண்டார்கள். இன்னும் சிறிது தூரம் ஓடியிருந்தால் அவர்களுக்கு உயிர் மிச்சம். அவர்களை எவரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது. ஆனால் அவர்களுட் சிலர் நின்றார்கள், திரும்பினார்கள், தாங்கள் எதனிடமிருந்து ஓடி வந்தார்களோ அதனை நோக்கியே ஓடினார்கள். பென்கெலி தனியொருவராகக் கூட்டத்துக்கும் வீழ்ந்தவர்களுக்கும் குறுக்கே பாய்ந்து, கேடயமும் தடியுமாக அதனைத் தடுத்து நின்றார். பொலிசாரோடு தீயணைப்புப் படையினரும் திரும்பி ஓடினர் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீழ்ந்த இருவரையும் இழுத்து வந்தார்கள். கூம்ஸ் பிழைத்தார். பிளேக்லொக் அன்றிரவே இறந்தார்.

1988 இல் பென்கெலிக்கு ஜோர்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. அவ்வணியின் கொன்ஸ்டபிள்மார் அரசியின் வீரப் பதக்கம் பெற்றனர். பிளேக்லொக்குக்கும் அவர் இறந்தபின் அது வழங்கப்பட்டது.

திரும்பியது ஏன்?

இந்த ஒரு கணத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. முன்னே பாய்கிறவனுக்குத் துணையாகப் பல சக்திகள் இருக்கின்றன. படையின் இரைச்சல் உண்டு. தலைவனின் ஆணை உண்டு. வெற்றியின் ஆசை உண்டு. பகைவன்மீது மூண்ட சினம் உண்டு. சினம் ஒருவகைக் கள். அதைக் குடித்தவனுக்குச் சாவு சிறிதாகத் தோன்றும். ஆனால் தோற்று ஓடிக்கொண்டிருப்பவனுக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அவனுடைய கால்களை அச்சம் ஏற்கெனவே தன் வசமாக்கிவிட்டது. அந்த அச்சத்தைக் கால்களிலிருந்து பறித்தெடுத்து, உடலை எதிர்த்திசையிலே திருப்புவது, பாய்வதினும் அரிது.

அங்கே ஆணையிட நேரமில்லை. வெற்றி என்றொன்றும் இல்லை. மிகச் சிறந்த பயனாகக் கிடைக்கக்கூடியது, குற்றுயிராகக் கிடக்கும் ஓர் உடல். அதற்காகத் தன் முழு உயிரையும் பணயம் வைப்பது கணக்குத் தெரிந்தவன் செய்யும் வியாபாரமா? அன்று. ஆயினும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனிதக் கூட்டமும் ஒரு நாள்கூட நிலைத்திராது. ‘நான் வீழ்ந்தால் ஒருவன் திரும்பி வருவான்’ என்ற நம்பிக்கையிலேதான் மனிதர் ஒருவரோடொருவர் ஆபத்துக்குள் நுழைகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்யானால் அணியும் இல்லை; ஊரும் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பயனைக் கொண்டு அளந்தால் அன்றைய செயல் பாதி தோல்வி. அவர்கள் இருவரை இழுத்து வந்தனர். ஒருவரையே காப்பாற்ற முடிந்தது. பரீட்சைப் புள்ளிகளால் பிள்ளைகளை அளந்து பழகிப்போன நமக்கு இது ஒரு பாடம். திரும்பிச் சென்றதே செயலின் முழுமை. அதற்குப் பின் நேர்வது அவர்கள் கையில் இல்லை.

பழைய கதை ஒன்று

பிளேக்லொக்குக்கு முன்பு, பிரித்தானியாவிலே கலகமொன்றில் கொல்லப்பட்ட கொன்ஸ்டபிளைத் தேடுவதானால் 1833 ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். இலண்டன் மாநகரப் பொலிஸ் படை 1829 இலேதான் தோன்றியது. நான்கு ஆண்டு கழித்து, மே மாதம் 13 ஆந் திகதி, கிளார்க்கன்வெல்லில் உள்ள கோல்ட்பாத் பீல்ட்ஸ் என்னுமிடத்திலே, வாக்குரிமை கேட்ட தொழிலாளர் கூட்டமொன்றைக் கலைக்கப் பொலிசார் தடியோடு புகுந்தனர். அந்தக் குழப்பத்திலே ரொபட் கல்லி என்ற கொன்ஸ்டபிள் கத்தியாற் குத்துண்டு இறந்தார். மரண விசாரணையிலே அமர்ந்த ஜூரிமார் என்ன தீர்ப்புக் கூறினார்கள் தெரியுமா? ‘நியாயமான கொலை’ என்றார்கள்! பொலிசார் மக்கள்மீது மிருகத்தனமாக நடந்தனர். ஆகவே அவர்களுள் ஒருவன் மாண்டது குற்றமன்று என்பது அவர்கள் கருத்து. ஊர் அந்த ஜூரிமாரைக் கொண்டாடியது. அவர்களுக்கு விருந்துகளும் பதக்கங்களும் கிடைத்தன. மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பின்னர் தள்ளுபடி செய்தது.

தடியடி பட்டவர்களின் கோபம் நியாயமானது. வாக்குரிமைக் கோரிக்கையும் நியாயமானது. ஆனால் கல்லி என்ற தனிமனிதன் அந்த நியாயங்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட வேண்டியவனா? ஜூரிமார் ஒரு நிறுவனத்தின்மீது கூறவேண்டிய தீர்ப்பை ஒரு பிணத்தின்மீது கூறிவிட்டார்கள். சீருடைக்குள்ளே இருந்த மனிதன் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சீருடை மாத்திரமே தெரிந்தது. 150 ஆண்டுகள் கழிந்து, டாங்மியர் கட்டடத்தின் அடியிலே, கத்தி பிடித்தவர்களுக்கும் அதுவே நேர்ந்தது. நெருப்பிலிருந்து யாருடைய வீடுகளைக் காக்க அந்த அணி வந்தது? அதே குடியிருப்பு மக்களின் வீடுகளை அல்லவா? வீழ்ந்தவர் அவர்களுடைய பகைவர் அல்லர்; பகையின் உடையை அணிந்திருந்தவர்.

வீரத்துக்குத் துணைபோன பொய்

இனி, வீரத்துக்குப் பின்னே வந்த அநீதியைச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் பதக்கத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன்.

கொன்றவர்களைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று நாடே துடித்தது. துடிப்பிலே தவறில்லை. ஆனால் கண்கண்ட சாட்சி சரிவரக் கிடைக்கவில்லை. கத்தியிலிருந்தோ இரத்தக் கறையிலிருந்தோ எவரையும் பிணைக்க இயலவில்லை. ஆகவே வாக்குமூலத்தை நாடினார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். பலருக்குச் சட்டத்தரணியின் துணை மறுக்கப்பட்டது. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட அறுவருள் மூவர் சிறுவர். அவர்களில் ஒருவனுக்கு வயது 13. உள்ளாடையோடு போர்வை ஒன்றைச் சுற்றிக்கொண்டு நாட்கணக்காக விசாரிக்கப்பட்டான். வழக்கு விசாரணையின்போது நீதிபதியே அதனைக் கடிந்து, சிறுவர் மூவரையும் விடுவித்தார். எஞ்சிய மூவருக்கும் 1987 மார்ச்சிலே ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது.

அம்மூவருள் ஒருவருக்கு எதிராக இருந்ததெல்லாம் விசாரணைக் குறிப்பிலே காணப்பட்ட சில வாக்கியங்களே. இன்னொருவர் எழுத வாசிக்கத் தெரியாதவர், மனவளர்ச்சியும் குன்றியவர். சில ஆண்டுகள் சென்றன. ஒரு காகிதத்திலே எழுதும்போது அதன் கீழிருக்கும் காகிதத்திலே கண்ணுக்குத் தெரியாத அழுத்தத் தடம் விழும். அத்தடத்தை நிலைமின்சாரத்தின் உதவியாற் புலப்படுத்தும் ஒரு சோதனை உண்டு. அந்தச் சோதனைக்கு அக்குறிப்புகள் உட்படுத்தப்பட்டன. முக்கியமான பக்கங்கள் விசாரணை நடந்தபோது ஒழுங்காக எழுதப்பட்டவையல்ல. பின்னர் செருகப்பட்டவை என்பதற்குச் சான்று வெளிப்பட்டது. 1991 இன் இறுதியிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் மூவரின் தண்டனையையும் நீக்கியது. குறிப்புகளைப் பற்றிக் குற்றஞ்சாட்டப்பட்ட துப்பறியும் அதிகாரிகள் இருவரும் 1994 இல் ஜூரிமாரால் விடுதலை செய்யப்பட்டனர். நீண்ட காலத்துக்குப் பின் மற்றொருவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கும் 2014 ஏப்ரலிலே விடுதலையில் முடிந்தது. நாற்பது ஆண்டு கடந்தும், பிளேக்லொக்கைக் கொன்றவர் இன்னார் என்று நிலைபெற்ற தீர்ப்பு எதுவுமில்லை.

இதிலே யார் எதைப் பெற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். செய்யாத கொலைக்குச் சிறை சென்றவர்கள் தம் வாழ்நாளின் பகுதியை இழந்தார்கள். பிளேக்லொக்கின் மனைவியும் பிள்ளைகளும் உண்மையை இழந்தார்கள். குற்றவாளி என்று ஒருவனைக் காட்டி அவர்களின் துக்கத்துக்கு ஒரு முடிவு கொடுத்து, பின்பு அது முடிவன்று என்று சொல்வதைக் காட்டிலும் கொடுமை வேறென்ன? திரும்பி ஓடிய அந்த வீரர்களோ தம் செயலின் தூய்மையை இழந்தார்கள். அவர்கள் பெயரைச் சொன்னாலே, ‘அந்த வழக்கா? பொய்க்குறிப்பு எழுதிய வழக்கல்லவா?’ என்று உலகம் கேட்கும்படி ஆயிற்று. படிக்கட்டின் அடியிலே கேடயம் ஏந்தி நின்றவன் ஈட்டியதை, அறைக்குள்ளே பேனா ஏந்தி இருந்தவர்கள் செலவழித்துவிட்டார்கள்.

வீழ்ந்த தோழனுக்குச் செய்யும் கடமை அவனைத் தூக்கி வருவதோடு தீர்வதில்லை. அவன் பெயரால் பொய் சொல்லாதிருப்பதும் அக்கடமையின் பகுதியே. முன்னையதற்கு உடலின் துணிவு வேண்டும். பின்னையதற்கு வேண்டியது வேறொரு துணிவு. மேலதிகாரி அவசரப்படுத்துகையிலே, பத்திரிகைகள் பெயர் கேட்கையிலே, ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்லும் துணிவு அது. அதற்குப் பதக்கம் கொடுப்பாரில்லை.

நம்மவன் யார்?

இந்நிகழ்ச்சியைப் பற்றி நண்பர்களோடு உரையாடும்போது இருவகை மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். ‘பொலிசாரின் தவறுகளையெல்லாம் எடுத்துரைத்தால் அவர்களின் வீரம் சிறுத்துப்போகாதா?’ என்பார் ஒருவர். ‘பொலிஸ்காரனின் வீரத்தைப் பாராட்டுவது அதிகாரத்துக்குச் சாமரம் வீசுவதாகாதா?’ என்பார் மற்றொருவர். இருவரும் எதிரெதிராக நிற்பவர்கள் போலத் தோன்றினாலும் பிழை ஒன்றேதான். மனிதனையும் அவன் சேர்ந்த நிறுவனத்தையும் பிரித்தறிய இருவரும் மறுக்கிறார்கள். பென்கெலி ஓடியது பொலிஸ் திணைக்களத்தின் கொள்கையைக் காப்பதற்காக அன்று; குருதி வழியக் கிடந்த ஒருவரை இழுத்து வருவதற்காக. அச்செயல் திணைக்களத்தின் பாவங்களைக் கழுவவும் மாட்டாது. அப்பாவங்களால் கறைபடவும் மாட்டாது.

ஆனால் இதிலும் கடினமான ஒரு வினா இருக்கிறது. வீழ்ந்தவன் தம்மவன் என்பதாலே அவர்கள் திரும்பினார்கள். ‘தம்மவன்’ என்ற அந்த வட்டத்துக்கு எல்லை எது? ஒக்டோபர் 5 ஆந் திகதி தம் வீட்டுத் தரையிலே வீழ்ந்த சிந்தியா ஜரெட் அந்த வட்டத்துக்குள்ளே இருந்தாரா? செரி குரோஸ் இருந்தாரா? 2011 இல் அவர் இறந்தபின், 2014 இலேதான், பொலிசாரின் தவறுகள் அவருடைய மரணத்துக்குக் காரணமாயின என்று மரண விசாரணை ஜூரிமார் கூறினர். பொலிஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டார். குண்டுக்கும் மன்னிப்புக்கும் இடையே 29 ஆண்டுகள்! தம் தோழனை நோக்கி ஒரு கணத்திலே திரும்பத் தெரிந்த ஓர் அமைப்பு, தான் வீழ்த்திய தாயை நோக்கித் திரும்புவதற்கு அத்தனை காலம் எடுத்தது. அதே 2011 இல், புரோட்வோட்டர் பார்மிலே வளர்ந்த மார்க் டக்கன் என்னும் இளைஞர் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானபோது டொட்டன்ஹாம் மீண்டும் எரிந்தது. பாடம் கற்கப்படவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்திலே இதனைத் தொட்டுச் செல்கிறார். பகைவர்முன் அஞ்சாமையைப் பேராண்மை என்று கூறிவிட்டு, அப்பகைவனுக்கே ஓர் இடர் வந்தவிடத்து உதவுவதே அவ்வாண்மையின் கூர்முனை என்கிறார். போர்க்களத்தைப் பற்றிப் பாடும்போதும், வீரத்தின் வட்டம் தம்மவனோடு முடியக்கூடாது என்று அவர் உள்ளம் கண்டிருக்கிறது. வாளின் உறுதி அஞ்சாமை என்றால், அதன் கூர்மை அருள் என்பதே கருத்து. கூரில்லாத வாள் இரும்புத் துண்டே.

அன்றிரவு பொலிசாரோடு தீயணைப்புப் படையினரும் திரும்பி ஓடியதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அவர்கள் வேறு உடை அணிந்தவர்கள். வேறு தொழில் புரிபவர்கள். போராட வந்தவர்களும் அல்லர். வீழ்ந்தவர் தம்மைக் காத்து நின்றவர் என்ற ஒன்றே அவர்களைத் திருப்பியது. அங்கே வட்டம் ஓரடி விரிந்தது. பின்னாளிலும் இத்தகைய விரிவுகளைக் காண்கிறோம். 2017 மார்ச் 22 ஆந் திகதி பிரித்தானியப் பாராளுமன்ற வளாகத்திலே, ஆயுதம் ஏந்தாத கீத் பாமர் என்ற கொன்ஸ்டபிள் குத்துண்டு வீழ்ந்தபோது, அவரருகே மண்டியிட்டு மூச்சை மீட்க முயன்றவர்களுள் ஒருவர் ரோபையாஸ் எல்வுட் என்னும் பாராளுமன்ற உறுப்பினர். அதே ஆண்டு ஜூன் 3 ஆந் திகதி, இலண்டன் பாலத்தருகே கத்தியோடு மக்களைத் தாக்கிய மூவரை வெயின் மார்க்கஸ் என்னும் புகையிரதப் பொலிஸ்காரர் ஒரு தடியை மாத்திரம் கொண்டு எதிர்த்தார். கடமையில் இல்லாத மற்றொரு கொன்ஸ்டபிளும் வெறுங்கையோடு அவர்களை எதிர்த்துப் படுகாயமுற்றார். ஒருவர் பெயரை ஒருவர் அறியாத மனிதர்கள் இவர்கள். வட்டம் விரியக்கூடியதே என்பதற்கு இவர்களே சான்று.

கல்லும் பாடமும்

மஸ்வெல் ஹில்லிலே, பிளேக்லொக் நடந்து திரிந்த சாலையோரத்திலே, அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நம் முன்னோரும் நடுகல் நட்டார்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி வைத்தார்கள். அக்கற்கள் பலவற்றிலே எழுதப்பட்டிருப்பது ‘இவன் இத்தனை பேரைக் கொன்றான்’ என்பதன்று. ‘ஆநிரையை மீட்டு இறந்தான்’ என்பதே. மீட்பவனை முதன்மையாகக் கொண்டாடிய மரபு நமக்கு இருந்தது. அதை மறந்துபோய்ப் பேச்சு மேடையிலே கொன்றவனைத் தேடுகிறோம்.

புரோட்வோட்டர் பார்மின் அந்தர நடைபாதைகள் இன்று இல்லை. கலகத்துக்குப் பின் அவற்றை அகற்றினார்கள். அதன் உறுதி போதாதென்று 2018 இலே கண்டறியப்பட்டபின் டாங்மியர் கட்டடமும் இடிக்கப்பட்டது. அந்தப் படிக்கட்டு இல்லை. அந்தப் புல்வெளியும் பழைய புல்வெளி அன்று. இடத்தை இடித்துவிடலாம். இடத்திலே நடந்ததை இடிக்க முடியாது. அதை முழுமையாகச் சொல்வது ஒன்றே அதற்குச் செய்யத்தக்க மரியாதை. பிளேக்லொக்கின் பெயரைச் சொல்லும்போது சிந்தியா ஜரெட்டின் பெயரையும் சொல்லவேண்டும். ஜரெட்டின் பெயரைச் சொல்லும்போது பிளேக்லொக்கின் பெயரை விழுங்கிவிடக் கூடாது. ஒரு பெயரை மறைத்துத்தான் மற்றொரு பெயரைப் போற்ற முடியும் என்று எண்ணுபவன் இரண்டையும் போற்றாதவன்.

மீண்டும் என்னை நடுவராக அழைத்தால், பொருளை மாற்றும்படி கேட்டுக்கொள்ள எண்ணியிருக்கிறேன். ‘வீரம்’ என்ற தலைப்பு இருக்கட்டும். அதன்கீழ் ஒரு கேள்வியைச் சேர்க்கவேண்டும்: ‘நீ ஓடிக்கொண்டிருக்கிறாய், பின்னே ஒருவன் வீழ்ந்து கிடக்கிறான், அவன் உன் அணியைச் சேர்ந்தவன் அல்லன், திரும்புவாயா?’ இதற்கு மனப்பாடம் உதவாது. ஒரு மாணவனாவது மேடையிலே சிறிது தயங்கி நின்று, ‘எனக்குத் தெரியவில்லை, ஐயா’ என்று உண்மை சொல்வானாயின், முதற்பரிசை அவனுக்கே கொடுக்க நான் வாதாடுவேன்.